நான்கு பிள்ளைகளின் தேவைகள் நான்கு விதம்: வகுப்பறையை எப்படி அமைப்பது?

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். மொத்தம் 26 பிள்ளைகள். ஒரு சிறுமி காதொலிக் கருவி அணிகிறாள். ஒரு சிறுவனுக்குக் குறைபார்வை. ஆட்டிசம் உள்ள இன்னொரு சிறுவன், மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் சென்றுவிடுகிறான். இந்த ஆண்டு சக்கர நாற்காலியில் வரும் சிறுமி ஒருத்தியும் சேர்ந்திருக்கிறாள். கவனித்துக்கொள்ள எளிதாக இருக்கும் என்று நால்வரையும் முன்வரிசையில் அமர்த்தினேன். மற்ற பிள்ளைகள் அதை "அவங்க வரிசை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. அறை 20 அடிக்கு 20 அடி. ஒருபுறச் சன்னல்கள் சாலையைப் பார்த்தவை. பெரிய செலவில்லாமல் என்ன மாற்றலாம்?

பதில் 1: சிறப்புப் பயிற்றுநர், வட்டார வள மையம்

அம்மா, வணக்கம். நால்வரின் தேவையும் வேறு வேறு என்பதால், ஒரே வரிசை நால்வருக்கும் பொருந்தாது. காதொலிக் கருவி உங்கள் குரலை மட்டுமன்றி, சாலை இரைச்சலையும் பெஞ்சு இழுபடும் ஒலியையும் சேர்த்தே பெருக்கும். எனவே அச்சிறுமியைச் சாலைப்பக்கச் சன்னலிலிருந்து விலக்கி, நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்குமாறு அமர்த்துங்கள். முன்வரிசையில் இருப்பவளுக்குப் பின்னாலிருந்து விடை சொல்லும் தோழியின் வாயசைவு தெரியாது. இருக்கைகளை 'ப' வடிவில் போட்டால் எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும். "அவங்க வரிசை" என்ற பேச்சுக்கும் இடமிராது. சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசாதீர்கள். வெளிச்சம் பின்னாலிருந்தால் உங்கள் முகம் இருண்டு தெரியும்.

குறைபார்வை உள்ள சிறுவனுக்கு முன்னிருக்கைதான் நல்லது என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. பார்வைப் பரப்பு குறுகிய பிள்ளைகள் சிலருக்குச் சற்றுத் தள்ளி அமர்ந்தால்தான் பலகை முழுவதும் அகப்படும். காலையிலும் மாலையிலும் வெவ்வேறு இடங்களில் அமரவைத்து, எழுத்து எங்கிருந்து தெளிவாகத் தெரிகிறது என்று அவனையே கேளுங்கள். கரும்பலகை பளபளத்தால் மங்கலான கருப்பு வண்ணம் பூசச் சொல்லுங்கள். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

பதில் 2: ஆட்டிசம் உள்ள சிறுவனின் தாய்

என் மகனும் மணியோசைக்கு அஞ்சியவன்தான். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பாக அவனிடம் சொல்லிவைத்ததும், அன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி ஒட்டியதும் அவனுக்குப் பெரிதும் உதவின. அறையின் ஒரு மூலையில் பாய் விரித்து, அமைதியாக அமர ஓர் இடம் ஒதுக்குங்கள். ஆனால் அது என் மகனைப் போன்றவர்களுக்கு மட்டும் உரியதாகவோ, தண்டனைக்குரிய மூலையாகவோ ஆகிவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன். எந்தப் பிள்ளையும் சென்று அமரலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த மூலைச் சுவரில் வண்ணப் படங்கள் எதையும் ஒட்ட வேண்டாம்.

பதில் 3: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

செயல்வழிக் கற்றல் நடைமுறையில் இருந்தபோது, பிள்ளைகள் எழுதுவதற்காகச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை பூசியிருந்தோம். பின்னர் பல பள்ளிகளில் அதன்மேல் வண்ணம் அடித்துவிட்டார்கள். உங்கள் அறையில் அந்தப் பட்டை இருந்தால் மீண்டும் கருப்பாக்குங்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அச்சிறுமியால் எழுத முடியும்.

பதில் 4: கட்டடப் பொறியாளர்

நாற்காலியைத் திருப்ப 5 அடி விட்டமுள்ள வெற்றிடமும், வாசலில் 3 அடி அகலமும் வேண்டும். சாய்வுதளம் 1:12 என்ற அளவில் இருக்க வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். செங்குத்தாகக் கட்டிய சாய்வுதளத்தில் பிள்ளை தானாக ஏற முடியாது. இறங்கும்போது ஆபத்தும் உண்டு. கழிப்பறை வாசலையும் மறவாமல் அளந்து பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், கட்டடமும் வளாகமும் அணுகத்தக்கதாக இருப்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாகச் சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் கோரிக்கை வைக்கும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி கேட்ட ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. 26 பேரும் ஒரே 'ப'வில் அடங்காததால், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு 'ப' போட்டிருக்கிறேன். குறைபார்வை உள்ள சிறுவன் தேர்ந்தெடுத்தது இரண்டாம் வரிசையின் இடது ஓரத்தை. நான் நினைத்தேயிராத இடம் அது. படியின் உயரம் 14 அங்குலம். ஆனால் வராந்தாவுக்கு முன்னால் நேராக 9 அடிதான் இருக்கிறது. என்ன செய்வது, ஐயா?

கட்டடப் பொறியாளர்

நேராகக் கட்ட வேண்டாம். சுவரை ஒட்டி 7 அடி சாய்வு, பிறகு 5 அடிக்கு 5 அடி சமதளம், அங்கிருந்து திரும்பி மீண்டும் 7 அடி சாய்வு என்று அமைக்கலாம். இருபுறமும் கைப்பிடி வேண்டும். திரும்பும் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள், வரைபடம் போட்டுத் தருகிறேன்.