வரவேற்புக்கு ஜப்பான் பாட்டு: எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

மஞ்சக்காட்டுக்காரன், பெருந்துறை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் சித்தப்பா மகளுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை ஒசாகாக்காரர், ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீசில் வேலை. அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன், கூட வேலை செய்கிறவர்கள் என்று ஒரு வேன் நிறைய வருகிறார்கள். முகூர்த்தம் நம்ம முறைப்படிதான். அருமைக்காரர், இணைச்சீர், மங்கல வாழ்த்து எல்லாம் உண்டு. முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. அப்போது அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் போடுகிற பாட்டு நாலைந்து போட்டால், அத்தனை தூரம் வந்தவர்கள் மனசு நிறையும் என்று எனக்கு ஆசை. மாப்பிள்ளைக்கே தெரியாமல் செய்யணும், அதனால் அவரிடம் கேட்க வழியில்லை.

தேடிக் கேட்டதில் மூன்று பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது: நாதா சோசோ, உதாதா ஹிகாருவின் ஃபர்ஸ்ட் லவ், அப்புறம் அந்தப் பழைய சுகியாகி. கடைசிப் பாட்டை எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் கீபோர்டுக்காரர் நன்றாக வாசிப்பாராம். இதையே வைத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

லேத்துப் பட்டறை, சிங்காநல்லூர்:

தம்பி, நான் நகோயா பக்கம் கார் பாகம் செய்கிற ஆலையில் வேலை பார்த்தவன். கூட வேலை செய்தவர்கள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். நீங்கள் மெனக்கெடுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

நாதா சோசோ, இறந்துபோன அண்ணனை நினைத்து மொரியாமா ரியோகோ எழுதிய பாட்டு. நாட்சுகாவா ரிமி 2001-இல் பாடி அது நாடு முழுக்கப் பரவியது. ஃபர்ஸ்ட் லவ், 1999, பிரிந்துபோன காதலை நினைத்துப் பாடுவது. சுகியாகி என்று வெளிநாட்டில் பேர் வைத்த பாட்டு 1961-இல் வந்தது. 1963-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடமே பிடித்தது. சீட்டியடிக்கிற மெட்டைக் கேட்டால் குஷியாக இருக்கும். ஆனால் பாட்டில், கண்ணீர் கீழே சிந்தக் கூடாதென்று ஒருத்தன் மேலே பார்த்துக்கொண்டே தனியாக நடந்து போகிறான். அதைப் பாடிய சகாமோட்டோ கியூ 1985 விமான விபத்தில் இறந்தார். 520 பேர் போன விபத்து அது. மாப்பிள்ளையின் அப்பா வயசுக்காரர்களுக்கு அந்தக் குரலைக் கேட்டால் அதுவும் சேர்ந்து ஞாபகம் வரும். நம்ம மேடையில் பொண்ணு மாப்பிள்ளை நிற்கும்போது யாராவது பிரிவுப் பாட்டு எடுத்தால் பெரியவர்கள் எப்படி நெளிவார்கள், அதேதான் அங்கேயும்.

மேடைக்கு ஏறி வரும்போது கிமுரா கயேலாவின் பட்டர்ஃபிளை போடுங்கள். 2009-இல் வந்தது, தோழியின் கல்யாணத்துக்கென்றே பண்ணிய பாட்டு. வயசான உறவுக்காரர்களுக்கு நாகாபுச்சி ட்சுயோஷியின் கன்பாய் இருக்கிறது. 1980-இல் வந்தது, வாழ்க்கை என்கிற பெரிய மேடையில் ஏறி நிற்கிற நண்பனை வாழ்த்துகிற பாட்டு. ஐம்பது தாண்டியவர்கள் கூடவே பாடிவிடுவார்கள், பாருங்கள். இன்னும் பழசு வேண்டுமென்றால் செரிஷ் ஜோடி பாடிய தெந்தோமுஷி நோ சாம்பா, 1973. காட்டுக்குள் ஒரு சின்ன சர்ச்சில் கல்யாணம் நடக்கிறது, பொறிவண்டுகள் ஆடுகின்றன. பாடிய அந்த ஜோடியே பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார்கள். அமுரோ நாமியேவின் கேன் யூ செலிபிரேட், 1997, அதையும் விட முடியாது.

எனக்கு மனசில் நிற்பது ட்ரீம்ஸ் கம் ட்ரூ குழுவின் மிராய் யோசோஸு 2. 1989 ஆல்பத்தில் உள்ளது. அவளை வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறவன், தெருமுனையில் வளைவதற்கு முன்னால் பிரேக் விளக்கை ஐந்து முறை மின்ன வைக்கிறான். 'ஆ-இ-ஷி-தே-ரு', அதாவது 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதை அவர்கள் எழுத்தில் எழுதினால் ஐந்து எழுத்து, அதற்கான சைகை அது. எங்கள் லைனில் இருந்த ஒரு பையன் கல்யாணத்தில் இது ஓடியபோது, டிரைவர் வேலை பார்க்கிற அவன் சித்தப்பா மேஜையில் விரலால் ஐந்து தட்டு தட்டினார்.

அப்பா அம்மாவுக்கான நேரத்தைத்தான் நீங்கள் ரொம்பக் கவனமாகச் செய்யணும். அங்கே விருந்து முடியப் போகும்போது விளக்கைக் குறைப்பார்கள். பெற்றவர்கள் ஒரு ஓரமாக எழுந்து நிற்பார்கள். பொண்ணு உறையிலிருந்து கடிதத்தை எடுத்து அவர்களைப் பார்த்து வாசிக்கும். அதற்கடியில் பாட்டு மெல்ல ஓடும். நான் பார்த்த கல்யாணத்தில் பொண்ணு அப்பா கடைசிவரை தலையை நிமிர்த்தவே இல்லை, கோட்டுப் பொத்தானையே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடத்துக்கு கிரோரோவின் மிராய் ஏ, 1998. தாய் கைபிடித்து வழிகாட்டியதை நினைத்துப் பாடுவது. இல்லையென்றால் ஃபுகுயாமா மசாஹருவின் கசோகு நி நாரோ யோ, 2011. அப்பா மாதிரி, அம்மா மாதிரி, தாத்தா பாட்டி மாதிரி நாமும் ஆவோம் என்று போகும். உங்கள் தங்கை ரெண்டு பக்கத்துப் பெற்றவர்களுக்கும் தமிழில் நாலு வரி வாசிக்கட்டும், மாப்பிள்ளை அதை அவர்கள் மொழியில் சொல்லட்டும். சித்தப்பா சித்திக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம்ம பக்கம் பெற்றவர்கள் கல்யாணம் முடியும்வரை பந்தி பார்த்தே ஓய்ந்துவிடுகிறார்கள்.

டீச்சரம்மா, கோபி:

மங்கல வாழ்த்து என்றதும் ஒன்று கேட்கத் தோன்றியது. கம்பர் பாடியது என்று நம்ம ஊரில் வழிவழியாகச் சொல்லி, குடிமகன் (நாவிதர்) நின்று பாடுகிறார். அதற்கு ஈடாக அவர்களிடம் பழைய வாழ்த்து ஏதும் இல்லையா தம்பி? சினிமாப் பாட்டு மாதிரி இல்லாமல், பெரியவர்கள் வாய்விட்டுப் பாடுவது?

லேத்துப் பட்டறை, சிங்காநல்லூர்:

இருக்கிறது அக்கா, நல்லவேளை கேட்டீர்கள். தகாசாகோ. செயாமி என்கிறவர் எழுதிய, 'நோ' என்கிற அவர்களுடைய பழைய பாணி நாடகத்தில் வருகிற பகுதி. தகாசாகோவிலும் சுமியோஷியிலும் இருக்கிற ரெண்டு பைன் மரங்களின் ஆவிகள் கிழவன் கிழவியாக வருவார்கள். பாயை ஏற்றி, நிலாவோடு கிளம்பின படகு அவாஜித் தீவைத் தாண்டி சுமினோயே, அதாவது அந்தச் சுமியோஷிக்கே போய்ச் சேருகிறது, அவ்வளவுதான் அந்த வரிகள். சுமியோஷி இருப்பது ஒசாகாவிலேயே, அதனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அது சொந்த ஊர்ப் பாட்டு. அங்கே பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற இடத்துக்கே தகாசாகோ என்றுதான் பேர். இப்போது பாடத் தெரிந்தவர்கள் குறைவு. தாய்மாமனுக்குத் தெரிந்திருந்தால் மைக்கை அவரிடம் கொடுங்கள்.

சவுண்டு சர்வீஸ், காங்கேயம்:

பாட்டையெல்லாம் முன்கூட்டியே காசு கொடுத்து இறக்கி பென்டிரைவில் போட்டு, பேருக்கு முன்னால் வரிசை எண் வைத்துக் கொடுங்க. போனிலிருந்து நேராக விட்டால் நடுவில் விளம்பரம் வரும், இல்லையென்றால் யாராவது கூப்பிடுவார்கள். வெளியே பந்திப் பக்கம் இருக்கிற பாக்ஸை அந்தக் கடித நேரத்துக்கு அணைத்துவிடச் சொல்லுங்க. உள்ளே சத்தம் பாதியாக இருக்கட்டும். மைக்செட் பையனுக்கு ஜப்பான் பேர் வாயில் நுழையாது. அதனால் 'ஒன்று மேடை ஏறும்போது, நாலு அப்பா அம்மா' என்று ஒரு சீட்டில் எழுதி மிக்சர் மேல் ஒட்டிவிடுங்க.

மஞ்சக்காட்டுக்காரன், பெருந்துறை:

அண்ணா, அந்த மூன்றையும் எடுத்துவிட்டேன். சித்தப்பாவிடம் கடித விஷயத்தைச் சொன்னேன், "அதெல்லாம் எதுக்கு கண்ணு" என்றார், ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை. தங்கச்சியின் தோழிகள் ஏதாவது ஆடணும் என்கிறார்கள். அதோடு, தாய்மாமன் பாடினால் கீபோர்டுக்காரர் கூடவே வாசிக்கலாமா?

லேத்துப் பட்டறை, சிங்காநல்லூர்:

ஆடுவதற்கு ஹோஷினோ கென்னின் கொய், 2016. ஒரு டிவி தொடரின் முடிவில் நடிகர்கள் ஆடியதைப் பார்த்து ஜப்பானே ஆடியது. கை அசைவுதான் அதிகம், பட்டுப்புடவையிலும் ஆடலாம். ஜப்பானிலிருந்து வருகிற இளவட்டங்களும் தானாகவே சேர்ந்துகொள்வார்கள்.

தகாசாகோவுக்கு மட்டும் கீபோர்டைத் தொட வேண்டாம் தம்பி. சுருதி பிடித்துக் கூட வாசிக்கிற பாட்டு இல்லை அது, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்துச் சொல்வது. அவர் எழுந்ததும் ஆர்க்கெஸ்ட்ராவை நிறுத்தி, ஒரு நாற்காலி போட்டு, மைக்கைக் கொஞ்சம் தள்ளியே வைக்கச் சொல்லுங்கள்.