எக்ஸ்ஃபேட் டிஸ்கில் ஒரே கோப்பை இரண்டு இடத்தில் காட்ட வழி வேண்டும்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வயதான மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டுகளை இரண்டு வருடமாகப் பதிவு செய்கிறேன். ஊர்வாரியாக, பாடியவர்வாரியாக என இரண்டு ஃபோல்டர்களிலும் ஒரே பதிவு தெரிய வேண்டும். பிரதி எடுத்தால் இடம் போதாது.

2 டிபி வெளி டிஸ்க், எக்ஸ்ஃபேட் (exFAT, விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதக்கூடிய டிஸ்க் ஃபார்மட்). லேப்டாப் விண்டோஸ் 10. நண்பரின் மேக்கிலும் எழுத வேண்டும், அதனால்தான் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் (NTFS) ஃபார்மட் போடவில்லை, மேக் அதில் நேரடியாக எழுதாது.

மூன்று நாளாக முயல்கிறேன். கோப்பையோ ஃபோல்டரையோ பிரதி எடுக்காமல் இன்னொரு இடத்திலும் காட்டும் லிங்க் போட விண்டோஸில் உள்ள எம்கேலிங்க் (mklink) கட்டளையில் ஹார்ட் லிங்க், சிம்பாலிக் லிங்க், ஜங்ஷன் மூன்றுமே, அட்மினாகத் திறந்தும், பிழைதான். சி டிரைவிலிருந்து ஹார்ட் லிங்க் கொடுத்தேன். அது ஒரே டிரைவுக்குள் மட்டும்தானாம். சரி, ஷார்ட்கட் போட்டால் மேக்கில் திறக்கவில்லை. டிஸ்கை அழிக்காமல் என்டிஎஃப்எஸ் ஆக்கும் கன்வர்ட் (convert) கட்டளையும் எக்ஸ்ஃபேட்டை ஏற்கவில்லை. பாடியவர்களில் இருவர் இப்போது இல்லை, டிஸ்கை அழித்துச் சோதிக்க மனம் வரவில்லை.

எக்ஸ்ஃபேட்டை மாற்றாமல், இரண்டு கணினியிலும் ஒரே கோப்பு இரண்டு ஃபோல்டரில் தெரிய வழி உண்டா?