காசி–ராமேஸ்வரம் யாத்திரை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். கொழும்பிலிருந்து ஆறு பேர், மாசி மாதம் வெளிக்கிடுகிறோம். இரண்டு பேருக்கு முழங்கால் வருத்தம். முறைப்படி முதலில் ராமேஸ்வரம்: அக்னி தீர்த்தத்தில் நீராடி, மணல் எடுத்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈர உடுப்பு மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனம். பிறகு பிரயாகையில் அந்த மணலைக் கரைத்து, காசி, கயா முடித்து, கங்கை நீரோடு திரும்ப ராமேஸ்வரம்.

தீர்த்தக் கிணற்றடிக் கல் எப்பவும் ஈரமாய் வழுக்கும். முழங்கால் ஏலாதவர்கள் எப்படிச் சமாளிக்கலாம்?

காசியில் பஞ்ச தீர்த்தச் சிராத்தம் (கங்கைக் கரையின் ஐந்து துறைகளில் பிதுருக்களுக்குச் செய்வது) அசியில் தொடங்கி தசாசுவமேதம், வருணை, பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்று படகிலேயே செய்வதுண்டு. பஞ்சகங்கையில் படிகள் செங்குத்து. படகில் இருந்தபடியே பிண்டம் போட விடுவார்களா? தமிழில் சங்கல்பம் விளக்கும் சாஸ்திரிகள் அனுமன் கட்டப் (படித்துறைப்) பக்கம் இருக்கிறார்களே, தட்சணையை முன்கூட்டியே பேசலாமா?

முக்கியமானது கங்கை நீர். விமானத்தில் கைப்பையில் நீர் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. கங்கை நீர் நிரப்பி ஈயம் வைத்து அடைத்த செம்பைப் பெட்டியில் போட்டால் அடிபட்டு ஒட்டு விட்டு, உடுப்பெல்லாம் நனையும். திருகுமூடிப் போத்தலில் கொண்டுவந்து, ராமேஸ்வரத்தில் செம்புக்கு மாற்றினால் அபிஷேகத்துக்கு ஏற்பார்களா? அண்மையில் போய்வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ.