2012 பிஎம்டபிள்யூ 520டி: வாங்கலாமா, விடலாமா?

மக்களே, குளச்சல்ல ஒரு 2012 பிஎம்டபிள்யூ 520டி விலைக்கு நிக்குது. கேஎல்-01 (கேரளா, திருவனந்தபுரம்) பதிவு, ஓட்டம் 1,10,000 கி.மீ.

பெரிய பயம் டைமிங் செயின்தான், அதாவது இன்ஜினுக்குள்ள வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்காம சரியான நேரத்துல ஓட வைக்கிற சங்கிலி. இந்த என்47 டீசல் இன்ஜின்ல செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமா இருக்கு. மாத்தணும்னா கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கணும். அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு இன்ஜினே போயிரும். அதனால ராத்திரி நிறுத்தி வச்சு, காலையில ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பின்னால உரசுற சத்தம் வருதான்னு கேக்கப்போறேன். கடற்கரை வண்டி வேற, லிஃப்ட்ல ஏத்தி அடியில உப்புத்துரு பாக்காம அட்வான்ஸ் கிடையாது. கேரள ஆர்டிஓ தர்ற என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ், 2027ல ஆர்சி புதுப்பிப்பு எல்லாம் விலையில கழியணும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பிஎம்டபிள்யூ ஸ்கேனர் (வண்டியில கோளாறு பாக்குற கருவி) வச்சிருக்கிற மெக்கானிக் உண்டா? இல்ல திருவனந்தபுரம்தானா? செயின் மாத்தினவங்க மொத்தச் செலவு சொல்லுங்க.