‘ஹோம்ப்ரூ’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: ஒரு மடலாடல்

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அட்டாரி 2600 என்னும் பழைய வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவிக்குப் புதிதாக நிரல் எழுதுவோருக்கும் விளையாட்டு அடங்கிய அதன் பேழைகளைச் சேகரிப்போருக்கும் பயன்படும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘கேட்ரிட்ஜ்’ என்பதற்குச் சென்ற மாதம் இங்கே பேசி முடித்த ‘பேழை’ நன்றாகப் பொருந்திவிட்டது. ஒலிப்பேழை என்ற வழக்கு முன்பே இருந்ததால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அகராதி காட்டிய ‘தோட்டா’வைப் போட்டிருந்தால் படிப்பவர் மனம் துப்பாக்கிக்குப் போயிருக்கும்.

இப்போது இடர் ‘ஹோம்ப்ரூ’. இக்கருவி 1977இல் வெளிவந்தது, 1992இல் நிறுத்தப்பட்டது. தயாரித்தவர்களே கைவிட்ட பின்பு, எந்த நிறுவனத்தின் ஏவலும் இல்லாமல் தனியாட்கள் தம் விருப்பத்தால் எழுதிய விளையாட்டுகளை இச்சொல் குறிக்கிறது. ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் வருவதால் ஒலிபெயர்த்து விட்டுவிட மனம் ஒப்பவில்லை. ‘வீட்டுவடிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மடல் 2 (தமிழாசிரியர்)

அம்மா, வணக்கம்.

‘வீட்டுவடிப்பு’ வேண்டாம் என்பதே என் கருத்து. வடித்தல் என்பது ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்து வெளியேற்றுவது. சிலை வடித்தல், கவிதை வடித்தல் என்னும் வழக்குகள் இருந்தாலும், ‘வடிப்பு’ என்று பெயராக்கிய உடனே சோற்றிலிருந்து கஞ்சியை இறுக்கும் பொருளே முந்திக்கொள்கிறது.

மூலச்சொல் வீட்டில் காய்ச்சிய மதுவைக் குறிப்பது. அதற்கு நேர்ச்சொல் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்ளின் தோப்பி பருகி’ என்று ஓர் அடி வருகிறது. தோப்பி என்பது நெல்லிற் சமைத்த கள். அது இல்லின்கண் அடப்பட்டது என்பதையே ‘இல்லடு’ சொல்கிறது. அடுதல் சமைத்தல், அடுப்பும் அட்டிலும் அதன் வழி வந்தவை. ஆகவே ‘இல்லடு விளையாட்டு’, அதைச் செய்பவர் ‘இல்லடுநர்’. அடுதலுக்கு வெல்லுதல், கொல்லுதல் என்னும் பொருள்களும் உண்டு. ‘அடுகளம்’ போர்க்களத்தையும் குறிக்கும். சமைப்பதற்கும் வெல்வதற்கும் ஒரே சொல் இருப்பது, விளையாட்டை ஆக்குவோருக்கு வேறெந்த மொழியும் தந்திராத பரிசு என்றே கருதுகிறேன்.

மடல் 3 (நிரலர்)

ஐயா, வணக்கம்.

‘இல்லடு’வின் அழகை நான் மறுக்கவில்லை. சங்கப் பாட்டில் அப்படியே ஒரு சொல் காத்திருந்தது என்பதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆயினும் இக்கையேட்டை எடுக்கப்போகும் பள்ளி மாணவர் ‘இல்’ என்றதும் இன்மையைத்தான் எண்ணுவார். ‘அடு’ என்றதும் ‘அடுத்து’ என்பதைத்தான் எண்ணுவார். இரண்டையும் விளக்கிய பிறகே விளையாட்டுக்கு வர வேண்டியிருக்கும்.

மேலும், வீடும் மதுவும் அந்த ஆங்கிலச் சொல்லில் இன்று உயிரோடு இல்லை. வீட்டுக் கணினிகள் வருவதற்கு முன்பே அமெச்சூர் வானொலியாளர்கள் தாமே பற்றவைத்துக் கட்டிய கருவிகளை அப்படித்தான் அழைத்தார்கள். 1975இல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார்க் கொட்டகையில் கூடத் தொடங்கிய கணினி ஆர்வலர் மன்றமும் அச்சொல்லைத் தன் பெயரில் வைத்துக்கொண்டது. எஞ்சியிருப்பது ‘தன் கையால் செய்தது’ என்ற பொருள் மட்டுமே. அதனால் ‘கைவினை விளையாட்டு’ என்று முன்மொழிகிறேன்.

கை என்பதை நான் அணிக்காகச் சொல்லவில்லை. இக்கருவியில் ஒரு முழுத் திரையை வரைந்து வைத்துக்கொள்ள நினைவகமே கிடையாது. எழுதிப் படிக்கும் நினைவகம் மொத்தம் 128 பைட்டுகள். மின்கற்றை திரையில் ஒரு வரியைக் கடந்து திரும்பும் நேரத்தில் செயலிக்குக் கிடைப்பவை 76 சுழற்சிகள், அதாவது 76 கடிகாரத் துடிப்புகள். ஒவ்வொரு கட்டளையும் 2 முதல் 7 சுழற்சிகளை விழுங்கிவிடும். அந்த இடைவெளிக்குள், எட்டுப் புள்ளி அகலமுள்ள இரண்டு ஆட்டக்காரர் உருவங்கள், இரண்டு ஏவுகணைகள், ஒரு பந்து, பின்னணி ஆகியவை அந்த வரியில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை படத்தை உருவாக்கும் டிஐஏ சில்லின் பதிவேடுகளில் (அதன் சிறு நினைவிடங்களில்) எழுதி முடிக்க வேண்டும். பின்னணிக்கு இருப்பவை 20 பிட்டுகள். அவை திரையின் இடப்பாதியை நிரப்பும், வலப்பாதியில் அவையே மீண்டும் வரும் அல்லது கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வரும். வலப்பாதி வேறாக இருக்க வேண்டுமானால், கற்றை இடப்பாதியைத் தாண்டும் கணம் பார்த்துப் பதிவேட்டை மாற்றி எழுத வேண்டும். சில சுழற்சிகள் பிந்தினாலும் உருவம் பிளந்து தெரியும். அமெரிக்காவின் பழைய தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சியில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 262 வரிகள். அவற்றில் வழக்கமாக 192 வரிகளில் படம் வரைகிறோம், மற்ற வரிகளின் நேரத்தில் மோதல், மதிப்பெண், கைப்பிடியின் நிலை ஆகிய கணக்குகளைப் பார்க்கிறோம். நொடிக்கு 60 முறை இது நடக்கிறது.

பாவு கட்டிய தறியில் ஊடைநூலை ஒவ்வொரு முறையும் கையால் செலுத்துவது போன்ற வேலை இது. ஒரே ஓர் உருவத்தை இடவலமாகத் தடங்கலின்றி நகர்த்துவதற்கு நான் மூன்று வாரம் செலவிட்டிருக்கிறேன். வரிகளை வரையும் அந்த நிரற்பகுதியை ஆங்கிலத்தில் ‘கெர்னல்’ என்கிறார்கள். அதற்கு ‘வரிநெசவு’ பொருந்துமா என்று அம்மா பார்க்க வேண்டுகிறேன். இயங்குதளத்தின் ‘கருவகம்’ இங்கே சிறிதும் பொருந்தாது.

மடல் 4 (சேகரிப்பாளர்)

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரலர் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அவை 1982இல் நிறுவனத்தில் அமர்ந்து எழுதியவருக்கும் அப்படியே பொருந்தும். அக்காலத்திலும் ஒரு விளையாட்டைப் பெரும்பாலும் ஒருவரே முழுதாக எழுதினார், அதே 76 சுழற்சிகளுக்குள். அந்தக் கைவண்ணத்துக்குப் பெயரும் உரிய பங்கும் கிடைக்கவில்லை என்று அட்டாரி நிறுவனத்தை விட்டு வெளியேறிய நிரலர்கள் சேர்ந்துதான் 1979இல் ஆக்டிவிஷன் என்னும் விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எனவே ‘கைவினை’ என்பது இந்தக் கருவிக்குரிய எல்லா விளையாட்டுகளையும் குறித்துவிடும். நமக்கு வேண்டியது பிரித்துக்காட்டும் சொல்.

சேகரிப்பவருக்கு அந்தப் பிரிவு மிகவும் இன்றியமையாதது. என் பேரேட்டில் ஐந்து வகைகள் உண்டு: நிறுவன வெளியீடு, வெளிவராத முன்மாதிரி, பழையதைப் பார்த்துச் செய்த நகல், பழைய நிரலில் உருவங்களையோ விதிகளையோ மாற்றியமைத்தது, இறுதியாக ஹோம்ப்ரூ. இவை கையில் ஒன்றுபோலவே இருக்கும். மலிவாகக் கிடைக்கும் பழைய பேழையின் கூட்டைத் திறந்து, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை எடுத்துவிட்டு வேறு பலகையைப் பொருத்தி, புதுச் சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். அரிய முன்மாதிரி என்று நம்பி நான் ஒருமுறை வாங்கிய பேழையைத் திறந்து பார்த்தபோது, உள்ளே அண்மையில் அச்சிட்ட பலகை இருந்தது. விற்றவர் ‘மறுபதிப்பு’ என்று ஓரத்தில் எழுதியிருந்ததாகப் பின்னர் சொன்னார். புத்தக உலகில் மறுபதிப்பு என்பது உரிமையாளரே மீண்டும் அச்சிடுவது; அதனால்தான் நான் ஏமாந்தேன். கையேட்டில் அந்தச் சொல்லைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். ‘நகல்’ என்றே எழுதுங்கள்.

ஹோம்ப்ரூவைப் பிரித்துக்காட்டுவன இரண்டு: யார் செய்தார், எந்நிலையில் செய்தார். எந்த நிறுவனமும் சம்பளம் தராதபோதும் விருப்பத்தால் செய்தார் என்பதே அதன் சாரம். ‘ஆர்வலர் ஆக்கம்’ போதும்.

மடல் 5 (மற்றோர் உறுப்பினர்)

‘இல்லாக்கம்’ என்று சொன்னால் தமிழாசிரியர் ஐயாவின் இல்லும் சேகரிப்பாளரின் ஆக்கமும் ஒரு சொல்லில் அடங்கிவிடுமே?

மடல் 6 (தமிழாசிரியர்)

புணர்ச்சி சரிதான். ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்னும் நன்னூல் விதிப்படி இல் + ஆக்கம் ‘இல்லாக்கம்’ ஆகும். ஆனால் கேட்பவர் அதை ‘இல்லாத ஆக்கம்’ என்றே பிரிப்பார். நிரலர் தம்பி என் சொல்லுக்குச் சொன்ன குறை இங்கே இரு மடங்காகிறது. வள்ளுவர் ‘இல்லதென் இல்லவள் மாண்பானால்’ என்ற இடத்தில், இன்மையையும் இல்லத்தையும் அடுத்தடுத்து நிறுத்தி இந்த இரட்டைப் பொருளையே அழகாக்கியிருக்கிறார். குறளுக்கு அழகாகும் இரட்டைப் பொருள் கலைச்சொல்லுக்கு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘மனையடு’ என்று மாற்றலாமா என எண்ணினேன். மனை என்றால் இன்று கட்டடம் எழாத வெற்று நிலம், அதுவும் உதவாது.

‘ஆர்வலர்’ என்பதைப் புதுவழக்கு என்று எண்ணி எதிர்க்கத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்னும் குறள் கையைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். ‘அமெச்சூர்’ என்ற சொல்லின் இலத்தீன் வேரும் அன்பு செய்பவரையே குறிக்கிறது. இரு மொழிகளிலும் ஒரே வேர்ப்பொருள் அமைந்திருக்கும்போது அதை மறுக்க எனக்கு வழியில்லை.

‘ஆக்கம்’ மட்டும் உறுத்துகிறது. குறளில் அது பெரும்பாலும் செல்வத்தையும் உயர்வையும் குறிக்கும். படைப்பு என்னும் பொருளில் நாம் அதைத் தளர்வாகக் கையாள்கிறோம். ஆர்வலர் ஆக்கம் என்பதை ‘ஆர்வலரின் செல்வம்’ என்று படிக்கும் கண்ணும் உண்டு. என் கண் அப்படித்தான் படிக்கிறது. ‘இல்லடு’வை நான் முழுவதும் விடவில்லை.

மடல் 7 (நிரலர்)

ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இன்று இவ்விளையாட்டுகள் பலவும் பெட்டி, விளக்கக் குறிப்பு, வண்ணச் சீட்டு ஆகியவற்றோடு பேழையாகவே விற்கப்படுகின்றன. விலைக்கு விற்பவரை ஆர்வலர் என்றால் படிப்பவர் தடுமாறமாட்டாரா? கைவினைஞர் விற்பது எல்லாருக்கும் இயல்பாகத் தோன்றும்.

மடல் 8 (சேகரிப்பாளர்)

தடுமாறமாட்டார். அவர்கள் கேட்கும் விலையில் பலகைக்கும் கூட்டுக்கும் அச்சுக்கும் போனது போக மிஞ்சுவது சிறிது. ஓராண்டு இரவுகளுக்கு அது கூலியாகாது. நிரலையே இலவசமாக வெளியிட்டுவிட்டு, பேழை வேண்டுவோருக்கு மட்டும் செய்து தருபவர்களும் பலர். விற்பதால் ஆர்வம் குறைந்துவிடுவதில்லை.

மடல் 9 (மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன், இதற்கு மேல் என்னால் காத்திருக்க இயலாது. தனிமடலில் கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்தால் ஐவர் ‘ஆர்வலர் ஆக்கம்’ என்கிறார்கள், இருவர் ‘கைவினை’, ஒருவர் ‘இல்லடு’. முதன்முதல் வரும் இடத்தில் ‘ஹோம்ப்ரூ எனப்படும் ஆர்வலர் ஆக்கம்’ என்று எழுதி, பிறகு ‘ஆர்வலர் ஆக்கம்’ என்றே தொடர்கிறேன். சேகரிப்புப் பகுதியில் ‘நகல்’ என்றே வரும். யாரும் மறுக்காததால் ‘வரிநெசவு’ அப்படியே நுழைந்துவிட்டது. அந்த இயலின் தலைப்பும் அதுவே. பின்னிணைப்பின் சொல்லட்டவணையில், ஆர்வலர் ஆக்கத்துக்கு எதிரே, ‘கைவினை விளையாட்டு’, ‘இல்லடு விளையாட்டு’ இரண்டையும் மாற்றுச் சொற்களாகக் கொடுத்திருக்கிறேன்.

மடல் 10 (நிரலர்)

முடிவை ஏற்கிறேன், அம்மா. என் நிரற்குறிப்புகளில் மட்டும் ‘கைவினை’ என்றே எழுதிவருவேன்.

மடல் 11 (தமிழாசிரியர்)

அட்டவணையில் ‘அடு’ வினைத்தொகை என்று ஒரு சிறு குறிப்புச் சேர்க்க இடமிருக்கிறதா, அம்மா? அரை வரி போதும்.