புதுப்பிப்பு: கிளிநொச்சியில் அடிக்கடி அறுந்த எஸ்எஸ்எச் இணைப்பு, தீர்வு கிடைத்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: கிளிநொச்சி வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் வெளிநாட்டு சேர்வரில் வேலை செய்கிறேன். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து, போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறியதும் எஸ்எஸ்எச் அறுந்து, ஓடிக்கொண்டிருந்த பில்டும் (கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் வேலை) நின்றுவிடும்.

முதலில் கீப்அலைவ் (இடைக்கிடை சின்னச் செய்தி அனுப்பும் எஸ்எஸ்எச் அமைப்பு) போட்டுப் பார்த்தேன். சும்மா கிடக்கும் இணைப்பு வெட்டுப்படாமல் இருக்க அது உதவும். ஐபி முகவரி மாறினால் பயனில்லை.

வேலை செய்தது டீமக்ஸ், சேர்வரிலேயே அமர்வைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம். சொன்ன அண்ணைக்குப் பெரிய நன்றி. பில்ட் சேர்வரில் டீமக்ஸுக்குள் ஓடுவதால், இங்கே இணைப்புப் போனாலும் அங்கே முடிந்துவிடுகிறது. திரும்ப உள்ளே போய் அட்டாச் கொடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கலாம். முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இப்படி வேலை செய்பவர்கள் வேறு எதற்கும் முன் இதைப் போட்டுவிடுங்கள். மோஷையும் (இணைப்பு விட்டு விட்டு வந்தாலும் தாங்கும், எஸ்எஸ்எச் போன்ற புரோகிராம்) சேர்த்தபின் திரும்ப உள்நுழையும் தேவையும் இல்லை. ஐபி மாறினாலும் அமர்வு தொடர்கிறது.

எதிர்பாராத ஒன்று: மோஷ் யூடிபியில் (எஸ்எஸ்எச் பயன்படுத்தும் டிசிபிக்கு மாறான, தரவு அனுப்பும் இன்னொரு முறை) ஓடுவது. வழமையாக 60000 முதல் 61000 வரையான போர்ட்களில் ஒன்றை எடுக்கும். ஃபயர்வோலில் அவற்றைத் திறக்கும் வரை இணைப்பே வரவில்லை. அப்புறம், மேலே ஓடிப்போன வரிகளை மோஷில் பார்க்க முடியாது, டீமக்ஸின் கொப்பி மோட்தான் வழி. போர்ட் ஃபோர்வர்டிங் (சேர்வரின் போர்ட்டை என் கணினியிலிருந்து பயன்படுத்துவது) மோஷில் இல்லாததால், அதற்கு இன்னும் தனி எஸ்எஸ்எச் திறக்கிறேன்.