ஆடி மாதத்தில் ஒரு பழைய ஆடி டிடி கார்: 27 லட்சம் தகுமா?

தோல்ஷாப்காரன், ராணிப்பேட்டை:

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் 16 வருடமாக இருக்கிறேன். இதுவரை என் பெயரில் ஓடியவை ஒரு டிவிஎஸ் 50, ஒரு ஸ்பிளெண்டர், இப்போது ஒரு ஸ்விஃப்ட். கார் விஷயத்தில் என் ஞானம் அவ்வளவுதான்.

வாலாஜா பக்கம் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனை போன மாதம் கைமாறியது. தங்கைக்கு அவள் பங்கு, வீட்டுக்கடனில் நின்ற பாக்கி, பையன் படிப்புக்கு ஒரு டெபாசிட், எல்லாம் போக ஒரு தொகை மிஞ்சியது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காட்பாடியில் ஒரு புரோக்கர் ஷெட்டில் சிவப்பு ஆடி டிடி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

2015 மாடல், கர்நாடகா பதிவு, இரண்டாவது ஓனர். மீட்டரில் 31,400 கிலோமீட்டர். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், குவாட்ரோ (நாலு சக்கரமும் இழுக்கும் ரகம்), ஆறு கியர் ஆட்டோமேட்டிக். கேட்கிற விலை 27 லட்சம். "புதுசுல ஷோரூம் விலையே 60 லட்சம் சார், பாதிக்கும் கீழே தர்றேன்" என்பதை நாலு முறை சொன்னார். ஐந்தாவது முறை சொல்லியிருந்தால் நானே 60 கொடுத்திருப்பேன் போல.

எங்கள் தெரு டிங்கர் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பார். அடிபட்ட பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் நிற்காது, அதுதான் அவர் சோதனை. பானெட்டில் வைத்தார், விழுந்தது. கதவில் வைத்தார், விழுந்தது. கூரையிலும் விழுந்தது. என்னை ஓரமாக இழுத்துப்போய், "தம்பி, வண்டி முழுக்க பட்டி. உருண்ட வண்டி இது. வா போயிடலாம்" என்றார். புரோக்கரிடம் கேட்டால், "ஜெர்மன் பெயிண்ட் சார், காந்தம் ஒட்டாது" என்கிறார். ஜெர்மனியில் காந்தத்துக்கு ஒட்டாத பெயிண்ட் இருக்கிறதா?

மற்றபடி எனக்குக் குறை தெரியவில்லை. நாங்கள் போகும்போதே ஸ்டார்ட் செய்து ஏசி போட்டு வைத்திருந்தார். நம்ம ஊர் வெயிலுக்கு உள்ளே உட்கார்ந்ததும் எழுந்திருக்க மனசே வரவில்லை. சீட் எல்லாம் நேற்று தைத்த மாதிரி இருக்கிறது. சித்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

அம்மா, "ஆடியில வண்டி எடுக்கக் கூடாது, ஆவணி பொறக்கட்டும்" என்கிறார். புரோக்கர், ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பார்ட்டி ஒன்று அட்வான்ஸோடு வருகிறது என்கிறார். மனைவிக்கு இன்னும் தெரியாது. 27 நியாயமா? இல்லையென்றால் எங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பது?

சத்துவாச்சாரி ஸ்பேனர்:

அண்ணே, முதலில் அந்தக் காந்தம். புரோக்கர் சொன்னது பொய், டிங்கர் அண்ணன் சொன்னது தப்பு. இந்த மாடல் டிடியில் பானெட், கதவு, கூரை, டிக்கி மூடி எல்லாமே அலுமினியம். அலுமினியத்தில் காந்தம் எங்கே ஒட்டும்? ஸ்விஃப்டில் அவர் சோதனை சரி, இதில் செல்லாது. பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் வேண்டும், அதுவும் இரும்பு இல்லாத தகட்டிலும் அளக்கிற ரகம். கம்பெனி பெயிண்ட் என்றால் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 300 தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தொட்டால் அடியில் பட்டி இருக்கிறது. அலுமினியத்தை டிங்கரிங் செய்யத் தெரிந்தவர்கள் நம்ம பக்கம் கொஞ்சம் பேர்தான், அதனால் ஒரு கதவு அடிபட்டிருந்தாலும் எப்படிச் சரி செய்தார்கள் என்று பார்த்தே ஆகவேண்டும்.

அடுத்து, நீங்கள் சந்தோஷமாக எழுதிய இரண்டு வரிதான் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று, போகும்போதே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தது. அது உங்களுக்காகப் போட்ட ஏசி இல்லை அண்ணே. எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது முதல் இரண்டு மூன்று விநாடி சலசலவென்று சத்தம் வரும். சூடான எஞ்சினில் அது கேட்காது. சொல்லாமல் கொள்ளாமல் காலை ஏழு மணிக்குப் போய் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம்.

கியர்பாக்ஸையும் சித்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. வேலூர் கிரீன் சர்க்கிளில் சாயங்காலம் ஆறு மணி நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறுகிறதா, ரிவர்ஸ் போட்டதும் ஒரு கணம் யோசிக்கிறதா என்று கவனியுங்கள். இந்த ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றவேண்டும். அந்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். மீட்டரில் 31 ஆயிரம் என்பதால் இல்லை என்பார்கள். அந்த 31 ஆயிரம் நிஜமா என்பதுதான் கேள்வியே.

இரண்டாவது, சீட். பத்து வருட வண்டி. இந்த சீட்டின் பக்கத் திண்டு உயரம், ஏறி இறங்கும்போதெல்லாம் தொடை அதில் உரசும். அது எப்படி நேற்று தைத்த மாதிரி இருக்கும்? நான் ஸ்பேனர் பிடிக்கிறவன், எனக்குத் தோல் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே.

கோரமங்களா ரிட்டர்ன், காந்தி நகர்:

நானும் மூன்று வருடம் முன்பு பெங்களூரிலிருந்து ஒரு கர்நாடகா வண்டியைக் காட்பாடிக்குக் கொண்டுவந்தவன். எஞ்சின் விஷயத்தை மேலே நண்பர் பார்த்துக்கொள்வார், நான் பேப்பர் மட்டும் சொல்கிறேன்.

27 என்பது உங்கள் வாசலில் வந்து நிற்கும் விலை இல்லை. கர்நாடக ஆர்டிஓவில் படிவம் 28 போட்டு என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கவேண்டும். நீங்கள் இருப்பது ராணிப்பேட்டை, அதனால் என்ஓசியில் டிஎன் 73 அலுவலகத்தின் பெயர் வரவேண்டும். வேலூர் என்று வாங்கிக் கொடுத்துவிட்டால் மறுபடி அலைச்சல். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய ஓனர் லோன் போட்டு வாங்கியிருந்தால் ஹைப்போ (பேங்க் கடன் பதிவு) ரத்தாகிவிட்டதா என்று ஆர்சியில் பாருங்கள், இல்லையென்றால் படிவம் 35ம் பேங்க் கடிதமும் வேண்டும். பரிவாகன் தளத்தில் நம்பரைத் தட்டினாலே பாதி விவரம் வந்துவிடும், புரோக்கர் வாயை நம்பவேண்டியதில்லை.

பிறகு ஆயுள் வரி. இங்கே புதிதாகக் கட்டவேண்டும். வண்டியின் வயதுக்கேற்ப விகிதம் குறையும். ஆனால் என்னிடம் பழைய இன்வாய்ஸ் விலையைத்தான் கேட்டார்கள். புரோக்கர் பெருமையாகச் சொல்லும் அந்த 60 லட்சம் இங்கேதான் உங்களைக் கடிக்கும். கர்நாடகாவில் முன்பு கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கென்று ஒரு தனி நடை நடக்கவேண்டும். 12 மாதம் வரை அந்த நம்பரிலேயே ஓட்டலாம் என்று புரோக்கர்கள் சொல்வது நம்பர் மாற்றும் கணக்கு. வரி வேறு கணக்கு. ஆர்சி 15 வருடத்துக்கு, அதாவது 2030 வரை. அதற்குப் பிறகு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்கவேண்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லாதவருக்கு என்சிபி, அதாவது கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி, 50 சதவீதம் இருக்கும். பூஜ்யமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஓனர் மாறியதாலும் பூஜ்யம் ஆகும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, இது பெங்களூர் வண்டி என்றால் 2022 செப்டம்பர் முதல் வாரம் எங்கே நின்றது என்று கேளுங்கள். அந்த மழையில் பெரிய பெரிய வில்லாக்களின் பேஸ்மென்ட்டில் விலையுயர்ந்த கார்கள் மிதந்ததை நேரில் பார்த்தவன் நான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். யாரும் அதைக் கழுவுவதில்லை.

பாகாயம் மாமா:

27 லட்சத்துக்குப் பின்சீட்டில் ஒரு பை அரிசிகூட வைக்க முடியாத வண்டி. உங்கள் தெருவில் ஸ்பீட் பிரேக்கர் எத்தனை என்று எண்ணிவிட்டீர்களா தம்பி? மனைவிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயில், செயின் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

தோல்ஷாப்காரன், ராணிப்பேட்டை:

மாமா, சொல்லிவிட்டேன். "பசங்களை டிக்கியில போட்டுக்கிட்டு ஏலகிரி போவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பேனர் தம்பி அந்த சீட் பேச்சை எடுத்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. 16 வருடம் கையால் தடவி ரகம் பிரிக்கிறவன், கார் ஆசையில் தோலைப் பார்க்காமல் பளபளப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நேற்று ஷிஃப்ட் முடிந்து தனியாகப் போனேன்.

முதலில் பக்கத்து சீட்டைத் தடவினேன். மயிர்க்கண் (தோலில் மயிர் இருந்த துளை) நுணுக்கமாகத் தெரிகிறது, கட்டைவிரலால் அழுத்தினால் சின்னச் சின்ன ரேகை விழுந்து, விட்டதும் மறைகிறது. நல்ல தோல். அப்புறம் டிரைவர் சீட்டின் வெளிப்பக்கத் திண்டு. அங்கே மயிர்க்கண்ணே இல்லை. மேலே பிக்மென்ட் (நிறப்பூச்சு) அடித்து மூடியிருக்கிறார்கள், தொட்டால் ரெக்சின் மாதிரி வழவழப்பு. அழுத்தினால் ரேகைக்குப் பதிலாக ஒரே மடிப்பாக மடிகிறது. அடியில் வெடிப்பை ஏதோ வைத்து நிரப்பியிருக்கிறார்கள்.

தையலைப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் நூல் சாம்பல் நிறம். டிரைவர் பக்கம் அதே நூல் கறுப்பு. ஸ்ப்ரே அடிக்கும்போது நூலை மறைத்து டேப் ஒட்டவில்லை. எங்கள் ஃப்ளோரில் ஒரு பையன் இப்படிச் செய்தால் அன்றைக்கே வாங்கிக் கட்டிக்கொள்வான்.

எங்களிடம் ஈரத் தேய்ப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. வெள்ளை ஃபெல்ட்டை நனைத்து, மெஷினில் கணக்கு வைத்துத் தேய்த்து, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்போம். இங்கே மெஷின் ஏது? கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து ஒரே இடத்தில் ஐம்பது தேய்ப்பு தேய்த்தேன். பக்கத்து சீட்டில் கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது. டிரைவர் சீட்டில் கரிச்சட்டி துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. கார் கம்பெனிக்குப் போகும் தோலில் இப்படிச் சாயம் இறங்கினால் லாட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புரோக்கர் பார்த்துக்கொண்டே நின்றார். "கிளீனிங் பண்ண பாலிஷ் சார் அது" என்றார். நான் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நான் கேட்காமலேயே, "சரி, 24 வச்சுக்கலாம்" என்றார். ஐம்பது தேய்ப்புக்கு மூன்று லட்சம். ஷாப்பில் எனக்கு இந்தக் கூலி வந்ததே இல்லை.

அந்தத் திண்டு 31 ஆயிரம் கிலோமீட்டரில் வெடிக்காது. அது மட்டும் எனக்கு நிச்சயம். உண்மையில் எவ்வளவு ஓடியிருக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சத்துவாச்சாரி ஸ்பேனர்:

அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன்!

மீட்டரைக் குறைப்பவன் முன்னால் தெரியும் எண்ணைத்தான் குறைப்பான். இந்த வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் யூனிட். எதிலாவது ஒரு ஃபால்ட் பதிவானால், அது எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதும் கூடவே பதிவாகும். எல்லா யூனிட்டுக்குள்ளும் போய்ப் படிக்கிற ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. 58 ஆயிரத்தில் வந்த ஒரு பழைய ஃபால்ட் எங்காவது உட்கார்ந்திருந்தால் 31 ஆயிரம் கதை அங்கேயே முடிந்தது. எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தால், சர்வீஸில் சேஸ் நம்பரைக் கொடுத்துப் பழைய வரலாறு கேட்கலாம்.

அதற்காக வண்டியை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 70 ஆயிரம் ஓடிய டிடி கெட்ட வண்டி இல்லை, 70 ஆயிரத்துக்கான விலையில் வந்தால். நான் போடும் கணக்கு இப்படி. இதே மாடல், இதே வருடம், கூடுதலாக ஓடியவை என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விளம்பரங்களில் ஒரு பத்தாவது பாருங்கள். அதிலும் போட்டிருப்பது கேட்கும் விலை, கைமாறும் விலை அதற்கும் கீழே. அதிலிருந்து கியர்பாக்ஸ் ஆயில், பின்னால் குவாட்ரோ கப்ளிங் ஆயில், நாலு டயர், கூலன்ட் கசிந்தால் வாட்டர் பம்ப்போடு தெர்மோஸ்டாட் ஹவுசிங், உங்கள் வரி, என்ஓசி செலவு எல்லாவற்றையும் கழியுங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 1419 என்றால் 2019ல் 14வது வாரம் செய்தது. நாலும் ஒரே கம்பெனியா, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். குவாட்ரோவில் அது முக்கியம். என் மனக்கணக்கில் 19க்கு மேல் போகாது. ஸ்கேன் பார்த்த பிறகு அதுவும் மாறலாம்.

ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. அம்மா பேச்சைக் கேளுங்கள். அந்தப் பெங்களூர் பார்ட்டி ஆவணியிலும் வந்துகொண்டேதான் இருக்கும்.

தோல்ஷாப்காரன், ராணிப்பேட்டை:

போன் செய்தேன். பார்ட்டி வரவில்லையாம், "ஃபேமிலியில ஏதோ" என்கிறார். விலை இப்போது 22. ஸ்கேனர் கொண்டுவருகிறேன் என்று சொன்னதும், "எதுக்கு சார் அதெல்லாம்" என்று குரல் இறங்கிவிட்டது.

கோரமங்களா நண்பரே, சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்ததை எழுத மறந்துவிட்டேன். இரண்டும் கடைசிவரை சுத்தம். ஆர்சியில் ஹைப்போ இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

ஸ்பேனர் தம்பி, வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஷிஃப்ட் இல்லை.

சத்துவாச்சாரி ஸ்பேனர்:

வெள்ளி ஏழு மணிக்கு ஷெட் வாசலில் நிற்கிறேன் அண்ணே. வருவதாக அவருக்குச் சொல்லவேண்டாம். டிங்கர் அண்ணனையும் கூட்டிவாருங்கள், பெயிண்ட் மீட்டரை அவர் கையில் கொடுத்துவிடலாம்.